வெள்ளாவி: சொல்லும் பொருளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சலவை இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகும் ‘வெள்ளாவி’ என்ற சொல் நம் பேச்சைவிட்டுப் போகவில்லை. வெள்ளாவி அடுப்பைக் கண்ணால் கண்டிராதவர்களும் ‘வெள்ளாவியில் வைத்த மாதிரி’ என்று சரளமாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருளையும், அது உவமையாகவும் வசையாகவும் புழங்கும் விதத்தையும் பற்றிப் பலமுறை கேட்கப்பட்ட கேள்விகளை, எனக்குத் தெரிந்த விடைகளோடு இங்கே தருகிறேன்.

வெள்ளாவி என்றால் என்ன?

அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, அடியிலிருந்து ஏறும் நீராவியில் நெடுநேரம் வேகவிடும் சலவை முறைதான் வெள்ளாவி. பேச்சில் இந்தச் சொல் மூன்றையும் குறிக்கும்: அந்த ஆவி, அந்த வேலை, அடுப்பின் மேல் குவிந்திருக்கும் துணி அடுக்கு. ‘வெள்ளாவி ஏறிவிட்டதா?’ என்று கேட்டால் ஆவியைக் கேட்கிறார்கள். ‘நாளைக்கு வெள்ளாவி’ என்றால் வேலையைச் சொல்கிறார்கள். ‘வெள்ளாவியைப் பிரி’ என்றால் அடுக்கைக் கலைக்கச் சொல்கிறார்கள்.

‘வெள்ளை ஆவி’ என்பதுதான் வெள்ளாவி ஆயிற்றா? பேய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

முதல் கேள்விக்கு ஏறத்தாழ ஆம். வெண்மை என்ற பண்புப்பெயரின் ஈறு கெட்டு ‘வெள்’ என நின்று, ‘ஆவி’ என்ற சொல்லோடு சேரும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி வெள்ளாவி ஆகிறது. ஆனால் ‘வெள்ளை நிறமான ஆவி’ என்று பொருள் கொள்வதைவிட ‘வெண்மையாக்கும் ஆவி’ என்று கொள்வதே தொழிலுக்குப் பொருந்துகிறது.

பேய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆவி என்ற சொல்லுக்கு மூச்சு, உயிர், நீராவி எனப் பல பொருள்கள் உண்டு. இறந்தவரின் ஆவி என்பது அவற்றில் ஒன்று. சிறு வயதில் ‘ராத்திரி வண்ணான்துறைப் பக்கம் போகாதே, வெள்ளாவி இருக்கும்’ என்று எங்களைப் பயமுறுத்திய பெரியவர்கள் இந்த இரட்டைப் பொருளைத் தெரிந்தேதான் பயன்படுத்தினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இருட்டில் தன்னந்தனியாக நின்று புகைந்துகொண்டிருக்கும், ஆள் உயரத் துணிக்கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்த பிள்ளை அதை நம்பாமல் என்ன செய்யும்?

வெள்ளாவி எப்படி வைப்பார்கள்?

வீடுகளிலிருந்து அழுக்கு எடுத்து வந்ததும் முதலில் துணிகளைப் பிரித்துப் போடுவார்கள்: வெள்ளை தனி, சாயத்துணி தனி. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்பது வண்ணான் குறியால் தெரியும். சேங்கொட்டையைக் குத்தி எடுத்த சாற்றால் துணியின் ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டு கோடு, சிலுவை, அரைவட்டம் என்று இட்டுச் சுண்ணாம்பைத் தடவினால் அந்தக் கறுப்பு எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. துணியின் அழுக்கெல்லாம் போக, குறி மட்டும் போகாமல் நிற்பதுதான் அதன் சிறப்பு. (சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கக்கூடியது, சிலருக்குக் குறி படும் இடத்தில் தடிப்பும் அரிப்பும் வருவதுண்டு.) ஏட்டையே தொடாதவர்கள், ஊரிலுள்ள அத்தனை வீட்டின் குறிகளையும் மனத்தில் வைத்திருந்தார்கள்.

அடுத்து உவர்மண். மண்ணை நீரில் கரைத்து, துணிகளை அதில் முக்கி, மிதித்து, லேசாகப் பிழிந்து முறுக்கிக்கொள்வார்கள். மண் அடுப்பில் பதித்த அகன்ற பானையில் பாதிக்கு மேல் நீர் நிற்கும். பானையின் வாயைச் சுற்றி, நடுவில் ஆவி மேலேறுவதற்கு வழிவிட்டு, முறுக்கிய துணிகளை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். அடுக்கி முடித்ததும் பழைய போர்வையாலோ சாக்காலோ மேலே மூடி, ஓலையும் மட்டையும் விறகும் போட்டு எரிப்பார்கள். நெருப்பு தணிந்துவிட்டால் அழுக்கு இளகாது. பானையில் நீர் வற்றிவிட்டால் அடியில் இருக்கும் துணி கருகிவிடும். ஆகவே வீட்டில் ஒருவர் இரவில் விழித்திருந்தே ஆகவேண்டும்.

விடியற்காலையில் அடுக்கைப் பிரிப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மேல்மூடியை எடுத்தவுடன் முகத்தில் அறைந்தாற்போல் ஆவி எழுந்தது. நனைந்த மண்ணும் வியர்வையும் புகையும் கலந்த, வேறெங்கும் முகர முடியாத மணம் அதில் இருந்தது. பிரித்த அம்மா வெறுங்கையால் தொட்டார். நான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினேன். முக்கியமான ஒன்று: வெள்ளாவியிலிருந்து எடுக்கும்போது துணி வெள்ளையாக இருக்காது. மண்ணும் இளகிய அழுக்குமாகப் பழுப்பேறித்தான் இருக்கும். அதைத் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, கஞ்சியும் நீலமும் போட்டு, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி வெயிலில் காயப்போட்ட பிறகுதான் வெண்மை கண்ணுக்குத் தெரியும்.

உவர்மண்ணில் என்ன இருக்கிறது? அழுக்கு ஏன் போகிறது?

களர் நிலத்தில் கோடைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் மண்ணே உவர்மண். அதில் சோடியம் கார்பனேட் போன்ற காரச் சத்துகள் உள்ளன. துணியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் உடற்பிசுக்கும் காரத்தோடு சேர்ந்து ஓரளவு சோப்பாகவே மாறிவிடுகின்றன. வெப்பம் அந்த மாற்றத்தை விரைவாக்குகிறது. ஆவி துணியில் பட்டுக் குளிர்ந்து நீராகி, காரத்தை இழை இழையாக உள்ளே கொண்டுபோகிறது. பேனும் கிருமியும் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. அக்காலத்தில் அம்மை கண்ட வீட்டுத் துணியும் பிள்ளைப்பேற்றுத் துணியும் வெள்ளாவிக்கே சென்றன. ஊரின் நலவாழ்வைக் காத்ததில் அந்த அடுப்புக்கு உரிய பங்கை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எல்லாத் துணியையும் வைக்கலாமா?

கூடாது. பருத்தி காரத்தையும் சூட்டையும் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்கா. சாயத்துணி வைத்தால் அதன் சாயமும் போய், பக்கத்தில் இருக்கும் வேட்டியும் கெடும்.

இந்த முறை எவ்வளவு பழையது?

துணி வெளுப்போர் சங்கப் பாடல்களிலேயே வருகிறார்கள். புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்றருகே புலைத்தி நாள்தோறும் வெளுத்த தூய வெள்ளாடையைப் பற்றிய குறிப்பு உண்டு. களர் நிலம் என்று ஔவையார் குறித்துச் சொல்லியிருப்பதைக் கவனிக்கவேண்டும்; வெளுப்பும் உவரும் அன்றே சேர்ந்துதான் இருந்திருக்கின்றன. குறுந்தொகையின் 330ஆம் பாடலில் கஞ்சிப் பசையில் தோய்த்து, அடித்து, குளத்து நீரில் இட்ட துணி முறுக்கு அவிழாமல் கிடக்கும் காட்சி, பகன்றைப் பூவுக்கு உவமையாக வருகிறது. ஆனால் இவற்றில் ஆவியில் வேகவைப்பது பற்றிய பேச்சில்லை. இவற்றைக் காட்டி ‘சங்க காலத்திலேயே வெள்ளாவி இருந்தது’ என்று எழுதுவது சற்று அவசரப்படுவதாகும்.

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் அது ஐயத்துக்கு இடமின்றி வருகிறது. காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்ட நாயனாரிடம், ஏழை அடியார் வேடத்தில் வந்த இறைவன் தன் கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும் என்கிறார். நாயனார் அதைத் துறைக்குக் கொண்டுபோய் மாசு எறிந்து, ‘புழுக்கி’, பிறகு ஒலிக்கத் தொடங்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. விடாத மழையில் துணியை உலர்த்த வழியில்லாமல், சொன்ன சொல் தவறியதே என்று அவர் துவைகல்லில் தலையை மோதப் போக, இறைவன் கை தடுக்கிறது. இங்கே ‘புழுக்குதல்’ என்பது ஆவியில் அவித்தல். நெல்லைப் புழுக்குவது போலவே. ‘ஒலித்தல்’ என்பது துணி வெளுத்தலுக்குப் பழஞ்சொல். சேக்கிழார் தொழிலின் படிகளை ஒழுங்கு மாறாமல் அறிந்தே பாடியிருக்கிறார்.

சோழர் காலச் செப்பேடுகளின் வரிப் பட்டியலில் ‘வண்ணாரப்பாறை’ என்று ஒன்று வருகிறது. துவைக்கும் கல்லுக்கும் வரி வாங்கியிருக்கிறார்கள்.

‘வெள்ளாவியில் வைத்தது போல’ என்று எப்போதெல்லாம் சொல்வார்கள்?

குறைந்தது மூன்று இடங்களில் சொல்வார்கள்; மூன்றும் வெள்ளாவியின் வேறு வேறு பக்கங்களிலிருந்து பிறந்தவை.

முதலாவது, புழுக்கம். மே மாதத்தில் மின்சாரம் நின்றுபோன தகரக் கொட்டகைக்குள்ளோ, மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்துப் பேருந்திலோ மாட்டிக்கொண்டவர் ‘வெள்ளாவியில வச்ச மாதிரி வேகுது’ என்பார். வெறும் வெயிலுக்கு இதைச் சொல்வதில்லை. வெட்டவெளி வெயில் ‘கொளுத்தும்’, ‘சுட்டெரிக்கும்’. காற்றுக்கு வழியில்லாமல் ஈரமும் சூடும் சேர்ந்து அவிக்கும்போதுதான் வெள்ளாவி. உவமை அவ்வளவு துல்லியமானது. கதை எழுதுகிறவர்கள் பாலைவனத்து வெயிலுக்கு இதைப் பயன்படுத்தினால், அவர்கள் வெள்ளாவியைப் பார்த்ததில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெண்மை. துளி அழுக்கில்லாத வேட்டி சட்டையோடு வருகிறவரைப் பார்த்து வியப்பாகவோ கேலியாகவோ சொல்வது. இதுவே மேனி நிறத்துக்கும் நீண்டு, சிவந்த பெண்ணைப் பார்த்து ‘வெள்ளாவியில வச்சு எடுத்தாங்களா?’ என்று கேட்கும் பழக்கமாயிற்று. இன்று இளைஞர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருப்பதற்குத் திரைப்பாட்டே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, திருந்தாத தன்மை. ‘இவனை ஏழு வெள்ளாவி வைத்தாலும் வெளுக்காது’ என்றால், எத்தனை அறிவுரையும் தண்டனையும் பட்டாலும் மாறாதவன் என்று பொருள். இதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண அழுக்கு கசக்கினாலே போய்விடும். அதிலும் போகாதது கல்லில் அடித்தால் போகும். அதிலும் போகாததற்குத்தான் வெள்ளாவி. அதற்கும் அசையாதது அழுக்கு அல்ல, கறை. ஆகவே இந்த வசை ‘இவனிடம் இருப்பது கறை’ என்ற தீர்ப்பையும் சொல்லாமல் சொல்கிறது.

நிறத்தைப் பற்றி அப்படிச் சொல்வது சரியா?

பாராட்டாகச் சொல்பவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாய் கறுத்த பிள்ளையைப் பார்த்து ‘இவளை வெள்ளாவியில வைக்கணும்’ என்று சிரிப்பதையும் திருமண வீடுகளில் கேட்டிருக்கிறேன். சொல்லின் பொருள்படியே பார்த்தாலும் இது பிழை. வெள்ளாவி துணிக்குப் புதிதாக ஒரு நிறத்தையும் கொடுப்பதில்லை. துணியில் ஒட்டியதைத்தான் எடுக்கிறது. காடாத் துணி திரும்பத் திரும்ப வெள்ளாவி கண்டு வெளுப்பதுகூட, பஞ்சோடு வந்த மெழுகும் பழுப்பும் நீங்குவதால்தான். மேனியின் கறுப்பு மேனியில் ஒட்டிய அழுக்கு அன்று. கறுப்புக்கு வெள்ளாவி வைக்கச் சொல்பவர், நிறத்தை அழுக்கு என்று சொல்லிவிடுகிறார்.

‘வெளுத்து வாங்கினான்’, ‘அலசினார்கள்’ போன்றவையும் இந்தத் தொழிலிலிருந்து வந்தவைதானா?

ஆம், துறையிலிருந்து நேரே பேச்சுக்குள் வந்தவை இவை. ஒவ்வொன்றும் வேலையின் ஒவ்வொரு படி. அடித்து நொறுக்குவது ‘துவைத்து எடுத்தல்’. நன்றாகச் செய்து காட்டுவது ‘வெளுத்துக் கட்டுதல்’. ‘வெளுத்து வாங்குதல்’ அடிக்கும் ஆகும், மழைக்கும் ஆகும், மேடைப் பேச்சுக்கும் ஆகும். வேலை வாங்கிச் சக்கையாக்குவது ‘கசக்கிப் பிழிதல்’. வேடம் கலைவது ‘சாயம் வெளுத்தல்’. கழுத்தை வளைக்காதவர் ‘கஞ்சி போட்டவர்’. புது ரூபாய்த்தாள் ‘சலவை நோட்டு’.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பானது ‘அலசல்’. துணியைப் பல பக்கமும் திருப்பி நீரில் ஆட்டி எடுக்கும் வேலையின் பெயர், வரவுசெலவுத் திட்டத்தையும் தேர்தல் முடிவையும் ஆராயும் கட்டுரைக்குத் தலைப்பாகிவிட்டது. அதை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் துறைப் படியில் குனிந்து ஒரு போர்வையை அலசியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

மூளைச்சலவை, பணச்சலவை ஆகியவற்றுக்கு வெள்ளாவியைப் பயன்படுத்தலாமா?

இவை இரண்டும் நம் துறையில் பிறந்தவை அல்ல. ‘மூளையைக் கழுவுதல்’ என்ற சீனத் தொடர் 1950இல் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்தது. பணத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ் இதழ்கள் ‘சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம்’ என்றே எழுதுகின்றன. இலங்கையில் ‘பணம் தூயதாக்கல்’ என்பது வழக்கு. பேச்சிலோ ‘கறுப்பை வெள்ளையாக்குதல்’ என்ற ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

கேலியாக எழுதும்போது ‘கறுப்புப் பணத்துக்கு வெள்ளாவி’ என்பது நன்றாகவே பொருந்தும். இரவில் மூடி வைத்துச் செய்வது, பல அடுக்குகளாகச் செய்வது, கடைசியில் வெள்ளையாக வெளியே வருவது என எல்லாம் ஒத்துப்போகின்றன. மூளைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மூளைச்சலவை என்பதில் ஏமாற்று என்ற பொருள் இருக்கிறது. வெள்ளாவியில் ஏமாற்று இல்லை.

எழுதும்போது எந்த வினையோடு சேர்க்கவேண்டும்?

‘வெள்ளாவி வைத்தல்’ என்பதும் ‘வெள்ளாவியில் வைத்தல்’ என்பதும் வழக்கில் உள்ளவை. முன்னது வேலை முழுவதையும், பின்னது குறிப்பிட்ட துணியை அதில் இடுவதையும் சொல்லும். ‘போடுதல்’ என்பதும் சில ஊர்களில் உண்டு. ‘வெள்ளாவி செய்தல்’, ‘வெள்ளாவி அடித்தல்’ ஆகியவை காதுக்கு ஒட்டவில்லை. மொழிபெயர்ப்பில் வெளுப்புத்தூள் போட்டு ஊறவைப்பதை வெள்ளாவி என்று எழுதிவிடுகிறார்கள். அடுப்பும் ஆவியும் இல்லாத இடத்தில் ‘வெளுத்தல்’ என்றாலே போதும்.

தொழில் செய்தவர்களை எப்படிக் குறிப்பிடுவது?

‘ஏகாலி’, ‘ஈரங்கொல்லி’ என்பவை நூல்வழக்கு. யாழ்ப்பாணத்தில் ‘கட்டாடி’ என்பார்கள். ‘வண்ணார்’ என்பது சாதிப் பெயராகவும் நிலைத்துவிட்டது. சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்றது. இன்றைய ஒருவரைக் குறிக்கும்போது ‘சலவைத் தொழிலாளர்’ என்று எழுதுவதே மரியாதை. பழமொழிகளிலும் பழைய பெயர்களிலும் உள்ளதை உள்ளபடி தரலாம். ‘அவன்’, ‘அவள்’ என்ற ஒருமையைத் தவிர்க்கவேண்டும். தாத்தா வயதுடையவரை எங்கள் தெருவில் எட்டு வயதுப் பிள்ளையும் பெயர் சொல்லி ‘வா, போ’ என்றே அழைத்தது, அவர் உழைப்புக்குக் கூலியாக இரவில் ஒரு கவளம் சோறும் அறுவடையில் சிறிது நெல்லும் கொடுத்தது ஆகியவற்றை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இன்றும் வெள்ளாவி வைக்கிறார்களா?

அரிதாகிவிட்டது. சலவைச் சோடாவும் சோப்பும் வந்ததும் உவர்மண் அள்ளப் போகவேண்டிய தேவை குறைந்தது. டெரிகாட்டன் வந்ததும் துணியின் இயல்பே மாறியது. செயற்கை இழை கலந்த சட்டையை இரவெல்லாம் ஆவியில் முறுக்கி வைத்தால் சுருக்கம் நிலைத்துவிடும். பல ஊர்களில் ஆறும் குளமும் துறையாக இல்லை. அடுத்த தலைமுறை படித்து வேறு வேலைக்குப் போயிற்று. அதை இழப்பு என்று புலம்ப எனக்கு மனமில்லை. விருந்து மண்டபத்து விரிப்புகளுக்காகவும் விடுதித் துணிகளுக்காகவும் சில சலவைக்கூடங்களில் இப்போதும் ஆவி ஏறுகிறது, பானைக்குப் பதிலாகக் கொதிகலன் வைத்து.

‘வெந்நீர் வெளாவி வை’ என்பதும் இதே சொல்லா?

இல்லை. அது ‘விளாவு’ என்ற வினை. கொதிநீரில் தண்ணீர் கலந்து குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவது. பேச்சில் ‘வெளாவி’ என்று ஒலிப்பதால் வரும் குழப்பம் இது. எழுதும்போது ஒற்றைக் கவனித்தால் போதும்; வெள்ளாவியில் குளிக்கச் சொல்லி யாரையும் அனுப்பிவிடமாட்டோம்.